பூச்சிமருந்து புழங்கும் வீட்டில் செல்லப்பிராணிகளைக் காப்பது எப்படி?

சென்ற ஆண்டு சிங்கப்பூரின் ஈசூனில் என் அக்கா வீட்டுப் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி பிடித்திருந்தது. நாய்க்கென்று வாங்கிய, பிடரியில் சொட்டுவிடும் மருந்து ஒரு குழாய் மிச்சம் இருந்தது. நாயின் எடை எட்டுக் கிலோ, பூனையின் எடை நான்கு கிலோ, எனவே பாதி அளவு போதும் என்று அக்கா கணக்கிட்டு மாலையில் அதைப் பூனையின் பிடரியில் விட்டார். இரவு உணவு முடிந்தபோது, கொசு வந்து உட்கார்ந்ததைப் போலப் பூனையின் காது விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஈரத்தில் கால் வைத்துவிட்டதைப் போல முன்னங்கால்களை மாறி மாறி உதறியது. விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். மருந்து பட்ட இடத்தில் முடி எண்ணெய் தடவியதுபோல் கற்றை கற்றையாக ஒட்டியிருந்தது; அதைச் சுற்றிலும் தோல் சிறு சிறு அலையாகச் சுருங்கி விரிந்தது. ஒரு மணி நேரத்தில் உடல் முழுவதும் நடுங்கத் தொடங்கிவிட்டது. இரண்டு இரவு மருத்துவமனையில் இருந்து பூனை பிழைத்து வந்தது.

அக்கா கவனக்குறைவானவர் அல்லர். பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துத்தான் மருந்து விட்டார். நாய்க்கு நல்லது பூனைக்கும் நல்லதாக இருக்கும் என்று எண்ணியதே நடந்த தவறு. சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்திருக்கிறது. முதன்முறையாகப் பூனை வளர்க்கும் குடும்பங்கள் இப்போது நம்மிடையே பல உள்ளன. சன்னலுக்கு வலையடித்து, வெளியே விடாமல் வளர்க்கும் பூனைக்கு எந்த ஆபத்தும் வராது என்று நாம் நம்புகிறோம். ஆனால் பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. கொசு, கரப்பான், எறும்பு, எலி ஆகியவற்றோடு ஆண்டு முழுவதும் போராட வேண்டிய வெப்பமண்டல ஊரில் மருந்தே வேண்டாம் என்று சொல்வது நடவாத காரியம். எதை, எங்கே, எப்படிப் பயன்படுத்தினால் விலங்குகளுக்குக் கேடு வராது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தரையில் உட்கார்ந்து வீட்டைப் பாருங்கள்

மருந்தடித்த தரையில் நாம் செருப்போடு நடக்கிறோம், அல்லது கால் கழுவிவிடுகிறோம். பூனையும் நாயும் அதே தரையில் படுத்துப் புரள்கின்றன. பூனை விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன் முடியையும் பாதங்களையும் நக்கிச் சுத்தம் செய்வதில் கழிக்கிறது. ஆகவே தரையிலும் முடியிலும் படிந்த எதுவும் சற்று நேரத்தில் அதன் வயிற்றுக்குப் போய்விடும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்வரும் அறிவுரைகளில் பெரும்பாலானவை நமக்கே தோன்றிவிடும்.

ஒரு நாள் கையில் டார்ச்சு விளக்கோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து பாருங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரி, குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், துணி துவைக்கும் இயந்திரத்தின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களைத் துழாவிப் பார்க்க வேண்டும். மறுவிற்பனை வீட்டுக்குக் குடியேறுபவர்கள் இதை விலங்கை உள்ளே விடுவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. முந்தைய வீட்டுக்காரர் எப்போதோ வைத்து மறந்துபோன எலிமருந்துக் கட்டியோ, கரப்பானுக்கு வைத்த தூளோ அங்கே கிடக்கக்கூடும். சாக்குக்கட்டியால் கிழித்த வெள்ளைக் கோடுகள் தென்பட்டால் ஈரத்துணியால் நன்கு துடைத்துவிடுங்கள். ஊருக்குப் போய்வரும்போது பலரும் பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் எறும்புச் சாக்குக்கட்டி பார்ப்பதற்குப் பள்ளிக்கூடச் சுண்ணாம்புக்கட்டி போல இருந்தாலும், அதில் இருப்பது பெரும்பாலும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகளே. அதன் தூள் பாதத்தில் ஒட்டும். பாதத்திலிருந்து வாய்க்குப் போகும். இங்கு கொசு, கரப்பான், எலி போன்றவற்றை ஒழிக்க விற்கப்படும் மருந்துகள் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் பதிவுபெற்றிருக்க வேண்டும். விவரச் சீட்டு இல்லாத, அல்லது என்ன மருந்து என்றே எழுதாத பொருளை விலங்கு இருக்கும் வீட்டில் வைக்காதீர்கள். அதனால் பாதிப்பு நேர்ந்தால் மருத்துவருக்கு எதற்குச் சிகிச்சை தருவது என்றே தெரியாமல் போகும்.

நாய் மருந்தைப் பூனைக்கு விடவே கூடாது

நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்னும் பொருள் ஏறத்தாழப் பாதி அளவு இருக்கிறது. நாயின் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகவும் குறைவு. இறைச்சி மட்டுமே உண்டு வாழ்ந்த உயிரினம் என்பதால், தாவர நச்சுகளையும் அவற்றைப் போன்ற வேதிப்பொருள்களையும் கரைத்து வெளியேற்ற உதவும் வழி ஒன்று பூனையிடம் வலுவிழந்துவிட்டது. எனவே மருந்து உடலில் தங்கி நரம்புகளை ஓயாமல் தூண்டுகிறது. அளவைப் பாதியாக்கினாலும் கால்பங்காக்கினாலும் இந்தக் குறை மாறாது. காது துடிப்பு, எச்சில் ஒழுகுதல், நடுக்கம், வலிப்பு, உடற்சூடு ஏறுதல் ஆகியவை சில மணி நேரத்தில் தொடங்கலாம். ஒரு நாளுக்குப் பிறகும் வெளிப்படலாம்.

வீட்டில் நாயும் பூனையும் சேர்ந்து இருந்தால் இன்னொரு வழியிலும் ஆபத்து வரும். மருந்திட்ட நாயோடு பூனை ஒட்டிப் படுக்கும், அதன் கழுத்தை நக்கும். நாய்க்கு மருந்து விட்ட பிறகு மூன்று நாள் வரை இரண்டையும் பிரித்து வையுங்கள். அதைவிட நல்லது, பூனையும் இருக்கிறது என்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டு, பெர்மெத்ரின் இல்லாத மருந்தை நாய்க்கு எழுதித்தரக் கேட்பது. உண்ணி மருந்தையே நிறுத்திவிடலாம் என்று நினைக்க வேண்டாம். உண்ணியால் பரவும் இரத்த நோய்கள் இங்குள்ள நாய்களுக்கு வருகின்றன. அவை உயிரையும் பறிக்கும்.

கழுத்துப்பட்டை வாங்கும்போது அமிட்ராஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கான அந்தப் பட்டை பூனைக்கு ஆகாது. நாயே கடித்து விழுங்கினாலும் கேடுதான். முயல் வளர்ப்பவர்கள் ஃபிப்ரோனில் கலந்த மருந்தை அதற்கு விடக் கூடாது. தேயிலை மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களை இயற்கையானவை என்று எண்ணிப் பூனையின் மேல் தடவுவதும் தவறு. செடியிலிருந்து எடுத்ததாயினும் பூனையின் கல்லீரலுக்கு அதே சிரமம்தான், தடவியதையெல்லாம் அது நக்கியும் விடும்.

வாங்கும்போது பெயரைப் பார்ப்பது மட்டும் போதாது. எந்த விலங்குக்கு, எத்தனை கிலோ எடைக்கு, செயல்படு பொருள் எது, அது எத்தனை விழுக்காடு என்ற நான்கையும் படியுங்கள். கொசுவுக்கு அடிக்கும் தெளிப்பானிலும் பெர்மெத்ரின் வகைப் பொருள் இருக்கலாம், ஆனால் அது பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. நாய்ச் சொட்டு மருந்தோ அதைப்போல் பல பத்து மடங்கு செறிவானது.

வீட்டுக்குள் மருந்தடிக்கும் நாளில்

பூச்சி ஒழிப்பு ஊழியர் வருவதற்கு முந்தைய நாளே அந்த நிறுவனத்தை அழைத்து, வீட்டில் என்னென்ன விலங்குகள் இருக்கின்றன என்று சொல்லிவிடுங்கள். மீன்தொட்டியையும் பறவைக் கூண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பலரும் இவற்றை மறந்துவிடுகிறார்கள். உரிமம் பெற்ற நிறுவனமாக இருந்தால், பயன்படுத்தப் போகும் மருந்தின் பெயரைக் கேட்டவுடன் சொல்வார்கள். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கரப்பானுக்குத் தெளிப்பதை விடப் பசைமருந்து வைக்கச் சொல்வதே விலங்கு உள்ள வீட்டுக்குப் பொருத்தம். அலமாரிக் கதவின் கீல் இடுக்கிலும் குழாய் நுழையும் துளையோரத்திலும் உளுந்தளவு புள்ளியாக வைப்பார்கள். அவ்வளவு சிறிய அளவும், நாக்கு எட்டாத இடமும் சேர்ந்து ஆபத்தைப் பெரிதும் குறைத்துவிடுகின்றன. பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்த எறும்புப் பொறியில் மருந்து குறைவு என்றாலும், நாய் பெட்டியையே கடித்து விழுங்கினால் குடல் அடைபடலாம். ஆகவே அதை நாய் எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. போரிக் அமிலத்தைச் சர்க்கரையோடு பிசைந்து உருட்டி வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இனிப்பு எறும்பை மட்டுமா அழைக்கும்? நாயும் தேடி வரும்.

தெளித்தே ஆகவேண்டும் என்றால், உணவுக் கிண்ணம், தண்ணீர்க் கிண்ணம், படுக்கை, பொம்மைகள், பூனையின் மணல்தட்டு ஆகியவற்றை எடுத்து மூடிய அறையில் வையுங்கள். விலங்குகளையும் வேறு அறையிலோ உறவினர் வீட்டிலோ விட்டுவிடுங்கள். தெளித்த இடம் முற்றிலும் காய்ந்து, சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகே அவற்றைத் திரும்ப அழைக்கலாம். இங்குள்ள ஈரக்காற்றில், அதுவும் மழைநாளில், தரை காய்வதற்கு நாம் நினைப்பதை விட நேரம் எடுக்கும். மின்விசிறியைப் போட்டுவிட்டு, கையுறை அணிந்த விரலால் ஓர் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மீன்களுக்குத் தனிக் கவனம் தேவை. பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகியவை சேர்ந்த பைரித்ராய்டு வகை மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு. தொட்டியைப் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடி, காற்றுக் குமிழி எழுப்பும் பம்பை நிறுத்த வேண்டும். பம்பு அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் செலுத்துவதால், மூடியும் பயனில்லாமல் போய்விடும். மீன் மூச்சுத்திணறாதபடி, காற்று தெளிந்த உடனே பம்பைத் திரும்பப் போடுங்கள். பறவையின் மூச்சு அமைப்பு நம்முடையதை விடப் பல மடங்கு நுட்பமானது, எனவே கூண்டை வேறு அறைக்கு மாற்றினால் மட்டும் போதாது, வீட்டை விட்டே வெளியேற்றுவது நல்லது. கிளி, மைனா இருக்கும் அறையில் கொசுவர்த்திச் சுருளும் கொளுத்த வேண்டாம்.

கொசுப் புகையடிக்கும்போது

2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி கண்டது. அந்த நினைவு இருப்பவர்கள் புகை அடிப்பதைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் புகையால் சாவது பறந்துகொண்டிருக்கும் கொசு மட்டுமே, தண்ணீரில் இருக்கும் புழு சாவதில்லை. நோய்த்தொற்று இருக்கும்போதோ கொசுத்தொல்லை மிகுந்திருக்கும்போதோ மட்டும்தான் புகையடிக்க வேண்டும் என்று தேசியச் சுற்றுப்புற வாரியமே அறிவுறுத்துகிறது. தனியார் கூட்டுரிமை வீடுகளில் வாரந்தோறும் வழக்கமாக அடித்தால், அது தேவையா என்று நிர்வாகத்திடம் நீங்கள் கேட்கலாம்.

மின்தூக்கி அருகே ஒட்டப்படும் அறிவிப்பைப் படித்து, அந்த நேரத்துக்கு முன் சன்னல்களையும் வாசற்கதவையும் மூடிவிடுங்கள். தாழ்வாரத்தில் தொங்கும் பறவைக் கூண்டை உள்ளே எடுங்கள். புகை கலைந்தாலும் புல்லிலும் நடைபாதையிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்திருக்கும். ஆகவே நாயை நடத்திச் செல்வதைச் சில மணி நேரம் தள்ளிப்போடுங்கள், அல்லது வேறு பக்கமாக அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் நான்கு பாதங்களையும் வயிற்றுப் பக்கத்தையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். விரலிடுக்குகளில் உள்ள முடியையும் பிரித்துத் துடைப்பது முக்கியம், அங்கேதான் நாய் முதலில் நக்கும்.

குப்பைக் குழாய்களுக்கு மருந்தடிக்கும் நாளில் கரப்பான்கள் வீட்டுக்குள் ஓடி வரும். மருந்துபட்டுத் தள்ளாடும் கரப்பானைப் பூனை விளையாட்டாகப் பிடித்துத் தின்னும். ஒன்றிரண்டால் பெரிய கேடு நேர்வது அரிது. என்றாலும் குழாயின் மூடியை இறுக அடைத்து, விழுந்தவற்றை உடனே பெருக்கி எடுத்துவிடுங்கள்.

வீட்டில் கொசுப் பெருகாமல் தடுக்கத் தொட்டிச் செடியின் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டுவதும், வாளிகளைக் கவிழ்த்து வைப்பதுமே போதும். மழைநீர் தேங்கும் குழிகளில் இடும் பிடிஐ என்னும் நுண்ணுயிர் மருந்து கொசுப்புழுவைத் தாக்குவது. நாய்க்கும் பூனைக்கும் அதனால் பெரிய கேடில்லை.

எலிமருந்து

நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். இதை உண்ட விலங்கு முதல் இரண்டு நாள் நன்றாகவே இருக்கும். பிரோடிஃபாகூம், புரோமாடியோலோன் போன்ற எலிமருந்துகள், இரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே மீண்டும் மீண்டும் பயன்படுவதைத் தடுத்துவிடுகின்றன. இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் உறைபொருள்கள் தீரும் வரை எதுவும் வெளியில் தெரியாது. மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், இருமும், மூச்சு வாங்கும். நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரர்கள் அப்போது, வெயிலில் களைத்துவிட்டது என்று எண்ணி ஒரு நாளை வீணாக்கிவிடுகிறார்கள்.

உண்டதைப் பார்த்த உடனேயே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போனால், வாந்தி எடுக்க வைத்து நஞ்சின் பெரும்பகுதியை வெளியேற்றலாம். இவ்வகைக்கு வைட்டமின் கே1 என்னும் நல்ல மாற்று மருந்தும் இருக்கிறது. ஆனால் எல்லா எலிமருந்தும் ஒன்றல்ல. புரோமெத்தலின் மூளையை வீங்கச் செய்யும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. கோலிகால்சிஃபெரால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கட்டியின் நிறத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. நீலமும் பச்சையும் சிவப்பும் எல்லா வகையிலும் வரும். ஆகவே உறையோ பெட்டியோ கிடைத்தால் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

புளோக்கின் கீழே, புதரோரத்தில், குப்பைச் சேகரிப்பு மையத்தருகே எலிவளைகளைக் கண்டால் நாயின் வாரைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். செத்த எலியை நாய் கவ்வினால் விடவைக்க வேண்டும், ஏனெனில் எலியின் உடலில் இருக்கும் நஞ்சு அதைத் தின்னும் விலங்குக்கும் போகும். "விடு" என்ற ஒரு சொல்லுக்கு நாய் வாயைத் திறக்கும்படி பழக்கியிருப்பது இந்த ஒரு நிமிடத்தில் உயிரைக் காக்கும். வளைகளுக்குப் பக்கத்தில் மருந்து சிதறிக் கிடந்தால் படம் எடுத்து நகர மன்றத்துக்குத் தெரிவியுங்கள். வீட்டுக்குள் எலி வந்தால் மருந்து வேண்டாம். துளையை அடைப்பதும் கூண்டுப்பொறி வைப்பதுமே விலங்குள்ள வீட்டுக்கு ஏற்றவை.

தோட்டமும் துணி அலமாரியும்

தரைவீடுகளில் நத்தைக்கு இடும் மெட்டால்டிஹைட் குருணையின் மணமும் சுவையும் நாயையும் ஈர்க்கும். சிறிதளவு உண்டாலே ஓரிரு மணி நேரத்தில் கடும் நடுக்கமும் வலிப்பும் வரும். நத்தையைக் கையுறையோடு பொறுக்கி எடுப்பது சலிப்பான வேலைதான், ஆனாலும் நாயிருக்கும் வீட்டில் அதையே செய்யச் சொல்வேன். எலும்புத்தூள் கலந்த உரத்தின் மணத்துக்கு நாய் மண்ணைத் தோண்டும் என்பதால், அதனருகே எந்தப் பூச்சிமருந்தும் இட வேண்டாம்.

பட்டுப்புடவைக்கு நடுவே போடும் அந்துருண்டையில் நாப்தலீன் இருந்தால், ஓர் உருண்டையே பூனைக்குப் போதுமான நஞ்சு. பூசைக்கு வைத்திருக்கும் கற்பூரத்தையும் மூடியுள்ள டப்பாவில், அலமாரிக்குள் வையுங்கள். அதை விழுங்கினால் நாய்க்கும் வலிப்பு வரக்கூடும்.

பாதிப்பு நேர்ந்துவிட்டால்

இரவு நேரத்தில் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனை எது, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், விலங்கை ஏற்றிச் செல்ல எந்த வாடகை வண்டிச் சேவை ஒப்புக்கொள்ளும் ஆகியவற்றை இன்றே தேடி, எண்ணை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். கைநடுங்கும் நேரத்தில் கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்க முடியாது. எங்கள் வீட்டில் அன்று இருபது நிமிடம் அப்படித்தான் கழிந்தது.

மருந்து தோலில் பட்டிருந்தால், முதலில் மருத்துவமனையை அழைத்துச் சொல்லுங்கள். விலங்குக்கு வலிப்பு இல்லை, தெளிவாக இருக்கிறது என்றால், பாத்திரம் கழுவும் திரவத்தை இட்டு வெதுவெதுப்பான நீரில் கழுவச் சொல்வார்கள். சூடான நீர் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து மருந்தை உள்ளே இழுக்கும், குளிர்ந்த நீர் நடுக்கத்தைக் கூட்டும். கையுறை அணிந்து கழுவி, உடனே துவட்டி, துணியால் போர்த்தி எடுத்துச் செல்லுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தாலோ வலிப்பு வந்தாலோ கழுவுவதில் நேரம் கடத்தாமல் கிளம்பிவிட வேண்டும்.

வாய்வழி உண்டிருந்தால், உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பாட்டி வைத்தியம் வேண்டாம். உப்பே நஞ்சாகிவிடும். பாலும் தேங்காய் எண்ணெயும் நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையில்லை, கொழுப்பில் கரையும் மருந்தை அவை விரைவாக உள்ளே சேர்க்கவும் கூடும். மயக்கத்திலோ நடுக்கத்திலோ உள்ள விலங்கின் வாயில் எதையும் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். எதையும் ஊட்டாமல் கொண்டுசெல்வதே நல்லது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை: விலங்கின் எடை, மருந்தின் பெயரும் விழுக்காடும், எவ்வளவு, எத்தனை மணிக்கு. வாந்தி எடுத்திருந்தால் அதைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நீங்களே தவறுதலாக மருந்து விட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். அக்கா அன்று வெட்கத்தால் முதலில் "எதையோ நக்கியிருக்கும்" என்றுதான் சொன்னார். பிறகு குழாயை எடுத்துக் காட்டியதும்தான் மருத்துவர் வேகமெடுத்தார்.

எலிமருந்து உண்ட நாய்க்கு வைட்டமின் கே1 மாத்திரையைப் பல வாரங்கள், பெரும்பாலும் நான்கு வாரம் வரை, கொடுக்க வேண்டியிருக்கும். நாய் பத்தாம் நாளே துள்ளி விளையாடத் தொடங்கிவிடும், அப்போது நிறுத்திவிடாதீர்கள். நஞ்சு உடலில் நீண்ட நாள் தங்கும். கடைசி மாத்திரை கொடுத்து இரண்டு அல்லது மூன்று நாள் கழித்து, இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் சோதனைக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். அந்த நாளை மாத்திரை வாங்கும்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.